தையல்காரரின் மனைவி

சனிக்கிழமை காலையானால் வில்லா க்ரெஸ்போ வட்டாரத்தில் பாதிச் சமையலறைகளில் மிர்தாவின் குரல்தான் கேட்கும். பேட்டை வானொலியில் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. வங்கிகள் ஊரார் பணத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட அந்த வருடத்தில், புவெனஸ் ஐரிஸில் வேலை போனவர்களும் தூக்கம் போனவர்களும் அவளுக்குத்தான் போன் போட்டார்கள்.

"டாக்டர், வேலை போனதிலிருந்து என் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. பேசாம ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிடலாமான்னு பாக்கறேன்."

மிர்தா சிரித்தாள். "சோபா கேள்வி கேக்காதில்ல, அதான் அவருக்குப் பிடிச்சுப் போச்சு. நீங்க இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. யோசனை எதுவும் சொல்லாதீங்க. பக்கத்துல போய் உக்காந்து, 'எனக்கும் பயமா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க. 'நீ ஏன் இப்படி இருக்க'ன்னு ஆரம்பிச்சா அது சண்டை. 'எனக்கு இப்படி இருக்கு'ன்னு ஆரம்பிச்சா அது பேச்சு."

"அவர் பதில் சொல்லலைன்னா?"

"சொல்லாட்டி பரவாயில்ல. கூட உக்காருங்க. சாப்பிடும்போது டிவி செய்தியை அணைச்சிடுங்க. சாயங்காலம் கையைப் பிடிச்சு ஒரு சுத்து நடந்துட்டு வாங்க."

மறுமுனையில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர், டாக்டர்."

மிர்தாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் ஓஸ்வால்டோவுக்கு நகரத்தின் இன்னொரு கோடியில், மத்தடேரோஸில், ஹார்ட்வேர் கடை. ஆணி, குழாய், பூட்டு, பெயின்ட். கல்யாணமான புதிதில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவள் மனோதத்துவப் புத்தகங்களைப் படித்தாள். பிறகு வீட்டின் முன்னறை அவளுடைய ஆலோசனை அறையாயிற்று. பிறகு வீடே ஆலோசனை அறையாயிற்று. மகள் பார்சலோனாவுக்குப் போன பிறகு கேட்கவே வேண்டாம். ஒருவர் வெளியே போக, அடுத்தவர் நடையில் நாற்காலி நுனியில் காத்திருப்பார். அந்த வருடம் காசு கொடுக்க முடியாதவர்கள் முட்டையும் வீட்டில் பிசைந்த பாஸ்தாவும் கொண்டுவந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்பும்முன் ஓஸ்வால்டோ அவளுக்கு மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் போடுவார். குடுவையில் இலையை நிரப்பி, கொதிக்க விடாமல் சுட்ட வெந்நீரை ஊற்றி, உறிஞ்சுகுழலைச் செருகி, முன்னறைக் கதவுக்கு வெளியே தரையில் வைப்பார். உள்ளே யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். ஆகவே கதவை நகத்தால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். மிர்தா கதவைத் திறக்கும்போது மாத்தே ஆறிப்போயிருக்கும். நின்றபடியே ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்பாள்.

சாப்பாட்டு மேஜையில் ஓஸ்வால்டோ ஒருநாள் சொன்னார்: "கடைப் பக்கம் ஒரு ஈ காக்கா வரல இன்னிக்கு."

மிர்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். முப்பது வருடப் பழக்கம் அந்தச் சாய்வில் இருந்தது. "அது உனக்கு எப்படி இருக்கு?"

ஓஸ்வால்டோ அவளையே பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். "உப்பு கம்மியா இருக்கு" என்றார்.

அவருக்கு இன்னும் சொல்லும் பக்குவம் வரவில்லை, வரும்போது தானாகச் சொல்லுவார் என்று மிர்தா எண்ணிக்கொண்டாள். வருகிறவர்தான் முதலில் பேச வேண்டும், மௌனத்தை நாம் நிரப்பக் கூடாது என்பது அவள் தொழிலில் பாலபாடம். யாருடைய மௌனத்தையும் அவள் மதிப்பாள். கட்டின புருஷனின் மௌனத்தை மதிக்காமல் இருப்பாளா?

தெருவெல்லாம் பாத்திரம் தட்டி அரசாங்கத்தைத் திட்டிய ஒரு சாயங்காலம், ஓஸ்வால்டோவும் பால்கனியில் நின்று பெரிய வாணலியை வெறிகொண்டவர் போல அடித்தார். மிர்தா முன்னறையிலிருந்து மெல்ல வந்து அவர் தோளில் கை வைத்தாள். "உனக்குக் கோபம் இருக்கு. அது எனக்குப் புரியுது. ஆனா உள்ள ஆள் இருக்காங்க, ஓஸ்வால்டோ."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமைகளில் லூசிலா வருவாள். படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன இளம் ஆலோசகி. ஊரில் இரண்டு மூன்று இடங்களில் இலவசமாகப் பார்க்கிறாள். தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் சொல்லி வழி கேட்டுக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம். ஊரையும் பேரையும் தொழிலையும் மாற்றித்தான் சொல்வார்கள். மிர்தாவின் அறையில் குடும்பப் படம் ஒன்றுகூடக் கிடையாது. வருகிறவர்களுக்கு ஆலோசகரின் வீட்டுக் கதை தெரியக் கூடாது என்பதற்காக எல்லாப் படங்களையும் அவள் படுக்கையறையில் மாட்டிவைத்திருந்தாள். லூசிலா ஓஸ்வால்டோவைப் பார்த்ததே இல்லை.

குளிர்காலம் தொடங்கியபோது லூசிலா ஒரு தையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"வயசானவர், டாக்டர். கடையை மூடிட்டார். வாடகை கட்ட முடியல. ஆனா வீட்ல சொல்லல. தினமும் காலைல கடைக்குப் போற மாதிரியே கிளம்பிடறார். சாயங்காலம் வரைக்கும் பூங்கா பெஞ்சு, இல்லைன்னா ரயில்வே ஸ்டேஷன்."

"சம்சாரம்?"

"அவங்க குழந்தைங்க டாக்டர். ஊர்க் குழந்தைங்களுக்கெல்லாம் காய்ச்சல் பாக்கறாங்க. ராப்பகலா ஆளுங்க. இவர் ஒரு தடவை சொல்ல ஆரம்பிச்சிருக்கார். அவங்க நோயாளியைப் பாக்கற மாதிரியே பாத்தாங்களாம். வாயை மூடிக்கிட்டார். இதுல ஒரு விஷயம், டாக்டர். பழைய கடைச் சாவியைத் தினமும் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் கிளம்பறார். கடையை வேற யாரோ எடுத்துட்டாங்க, பூட்டையே மாத்திட்டாங்க. இருந்தும் நாள் முழுக்க அந்தச் சாவியை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருக்கார்."

மிர்தாவுக்கு அந்த முகம் தெரியாத தையல்காரர் மேல் இரக்கம் பொங்கியது. அதைவிட அதிகமாக, அவர் மனைவி மேல் கோபம் பொங்கியது. என்ன பெண் இவள்? ஒரே வீட்டில், ஒரே மேஜையில், கணவன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பது கண்ணில் படவில்லையா?

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுக்க இஷ்டமில்ல, லூசிலா" என்றாள். "காது கேக்காதவ வீட்டு வாசல்ல நின்னு இவர் எத்தனை காலம் தட்டுவார்? கொஞ்ச நாள் அந்த வீட்டை விட்டு வெளிய இருக்கட்டும். கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா? அங்க போகட்டும். குற்றவாளி மாதிரி ஒளிஞ்சு திரியாம, தலை நிமிர்ந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போகட்டும். மூச்சு விடறதுக்கு அவருக்கு ஒரு இடம் வேணும்."

லூசிலா தயங்கினாள். "ஆனா டாக்டர், அவருக்கு அந்தம்மா மேல ரொம்ப..."

மிர்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் முடிந்திருந்தது. நடையில் அடுத்தவர் இருமிக்கொண்டிருந்தார். "அதை அடுத்த தடவை பாப்போம், கண்ணு."

அடுத்த தடவை லூசிலாவுக்குச் சளி. அதற்கடுத்த தடவை வேறொரு பெண்ணின் கதை அவசரமாக வந்து நின்றது. அந்த வாக்கியம் பாதியிலேயே நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஆளை அனுப்பிவிட்டு மிர்தா நடைக்கு வந்தபோது, ஓஸ்வால்டோ கோட்டு போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தார். காலடியில் பெட்டி.

"மார் தெல் பிளாட்டாவுக்குப் போறேன், கிழவி. தம்பி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

உலகத்தில் எல்லா மனைவிகளும் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். கையைப் பிடித்திருப்பார்கள், பெட்டியைப் பிடுங்கியிருப்பார்கள், இந்தக் குளிரில் கடற்கரைக்கு எந்தப் பைத்தியக்காரன் போவான் என்றாவது கத்தியிருப்பார்கள். மிர்தா தலையைச் சாய்த்தாள்.

"அங்க உனக்கு என்ன கிடைக்கும்னு நினைக்கிற?"

"காத்து" என்றார் ஓஸ்வால்டோ.

"கடை?"

"கடை பாத்துக்கும்."

அவர் நின்றார். போகவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர்காற்று இருவர் காலிலும் சுற்ற, நின்றுகொண்டே இருந்தார். அவள் காத்திருந்தாள், அவராகச் சொல்லட்டும் என்று. அவர் எதற்கோ காத்திருந்தார்.

"உன் முடிவை நான் மதிக்கறேன், ஓஸ்வால்டோ" என்றாள் மிர்தா கடைசியில்.

அவர் தலையை ஆட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

மறுநாள் வானொலியில் அவள் எப்போதும்போலப் பேசினாள். குரல் பிசிறவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான், வாசல் ஆணியில் கடைச் சாவி தொங்குவதைப் பார்த்தாள். சாவியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே, கடையை யார் திறப்பது? கடை எண்ணுக்குப் போன் செய்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது ஒரு பெண் குரல்.

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மத்தடேரோஸுக்கு அவள் போய் எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. வழியெல்லாம் இழுத்து மூடிய கடைகள், 'வாடகைக்கு' என்ற அட்டைகள். ஓஸ்வால்டோவின் கடை இருந்த இடத்தில் இழுகதவு இறக்கியிருந்தது. மேலே பச்சை எழுத்தில் நாய் பூனைத் தீவனம் என்று பளபளப்பாக ஒரு பலகை. இடம் தவறி வந்துவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்தாள். பக்கத்துப் பெட்டிக்கடை சுலேமா அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஓஸ்வால்டோ சம்சாரம் தானே நீங்க? ரேடியோ டாக்டர்! உங்க குரலுக்கு நான் அடிமை." பிறகு மிர்தா கைப்பையிலிருந்து எடுத்த சாவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அது எதுக்கும்மா இன்னும்? கோடைக்காலத்திலயே அவர் கடையைக் காலி பண்ணிட்டாரே. அப்பறமும் தினம் இந்தப் பக்கம் வருவார், பாவம். இந்த எதிர் பெஞ்சுலதான். மழையில கூட. நான்தான் திட்டி உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பேன். அப்பறம் சர்ச்சுக் கூடத்துல ஒரு பொண்ணு சும்மாவே ஆலோசனை சொல்லுதுன்னாங்க, போய்ப் பேசிட்டு வாய்யான்னு நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். ஏன்மா, உங்களுக்குத் தெரியாதா?"

மிர்தா குனிந்து, இழுகதவின் புதுப் பூட்டில் சாவியை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. பிறகு அது அவள் உள்ளங்கையில் தானாகவே உருண்டது.

தையல்காரர்!

அவள் அந்த எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஐயோ, போகச் சொன்னது யார்? தலை நிமிர்ந்து போகட்டும் என்று சொன்ன வாய் யாருடைய வாய்? காது கேட்காதவள் என்று தீர்ப்பு எழுதினாளே, யாருக்கு எழுதினாள்? நிமிர்ந்த முதுகோடு படியிறங்கின ஓஸ்வால்டோ கண்ணுக்குள் வந்து நின்றார். அந்த நிமிர்வுகூட அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்த வாரம் முழுக்க அவள் ஆட்களைப் பார்த்தாள். என்ன கேட்டாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் நகத்தால் தட்டும் சத்தம் வரும் நேரத்தில் மட்டும், பேசிக்கொண்டிருப்பவரை மறந்து கதவையே பார்ப்பாள்.

வியாழக்கிழமை லூசிலா சிரித்த முகத்தோடு வந்தாள். "டாக்டர், தையல்காரர் கிளம்பிட்டார்! நீங்க சொன்ன மாதிரியே. நேத்து போன்ல பேசினார். கடல் பாக்கறாராம். ஆனா..." அவள் முகம் மாறியது. "கிளம்பறப்போ வாசல்ல ரொம்ப நேரம் நின்னாராம். அந்தம்மா ஒரே ஒரு காரியம் பண்ணியிருந்தா பெட்டியைக் கீழ வச்சிருப்பேன்னு சொல்லி அழுதுட்டார். என்னன்னா..."

மிர்தாவின் உடம்பெல்லாம் காதாயிற்று. அந்த ஒரே ஒரு காரியம்! இதோ, கைக்கெட்டும் தூரத்தில். லூசிலா வாயைத் திறந்தால் போதும். இந்த வாரம் மட்டுமா? இனி வியாழன்தோறும் அவர் மனசு இந்த நாற்காலிக்கு வந்து உட்காரும். என்ன சாப்பிடுகிறார், என்ன நினைக்கிறார், தன்னை வெறுக்கிறாரா, எல்லாம் கேட்கலாம். கேட்டு வைத்துக்கொண்டு, அந்த ஒரு காரியத்தைச் செய்து, அவரைத் திரும்ப வரவழைத்துவிடலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஆனால் அது திருட்டு. மனைவியிடம் சொல்ல முடியாததை, மனைவிக்குப் போகாது என்ற நம்பிக்கையில் அவர் இறக்கி வைத்த இடம் அது. அதையும் பறித்துவிட்டால் இந்த உலகத்தில் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சும்?

"சொல்லாத" என்றாள் மிர்தா.

"டாக்டர்?"

"சொல்லாத, லூசிலா. இனிமே அவரைப் பத்தி ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லாத. வேற ஒரு பெரியவங்களைப் பாத்துக்கோ, நான் பேர் தரேன்." கைப்பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேஜைமேல் போட்டாள். "அவர் தையல்காரர் இல்ல. அந்தம்மாவும் குழந்தைங்க டாக்டர் இல்ல."

லூசிலா அவளைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த பழைய சாவியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ! நான்... அவர் சம்சாரம் பேரைச் சொன்னதே இல்ல டாக்டர், சத்தியமா..."

"உன் மேல தப்பு இல்ல, கண்ணு. நீ சரியாத்தான் மறைச்ச. எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"அவர்கிட்ட யார் சொல்றது?"

"நீ சம்மதிச்சா நான் சொல்றேன். அந்த யோசனை என்னோடது."

லூசிலா அழுதுகொண்டே தலையாட்டினாள். நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. மிர்தா இன்னொரு மூத்தவரின் பெயரையும் எண்ணையும் தாளில் எழுதி அவளிடம் நீட்டினாள். அவள் போன பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக மிர்தா நடையில் காத்திருந்தவரிடம், "இன்னிக்கு முடியலைங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மார் தெல் பிளாட்டாவுக்குப் போன் போட்டாள். ஓஸ்வால்டோவின் தம்பி நெஸ்டோர் எடுத்தான்.

"அண்ணி! ரேடியோவுல ஊருக்கே யோசனை சொல்றீங்க, அது இங்க வரைக்கும் எட்டறதில்ல. அண்ணன் பீச்சுல நிக்கறான். இந்தக் காத்துல நாய்கூட அங்க போகாது. இருங்க, ஜன்னல்லருந்து கத்தறேன். உங்க ஆளுக்குக் கத்தினாதான் கேக்கும்."

வெகுநேரம் கழித்துப் படியேறும் காலடிச் சத்தம். ரிசீவரை எடுக்கும் சத்தம். மூச்சு. அவ்வளவுதான்.

அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தன் தலை மெல்லச் சாய்ந்திருப்பதை, எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் மிர்தா பார்த்தாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கும் அந்தச் சாய்வு! தன் கழுத்தைத் தானே நெரிக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

"பாவி மனுஷா!" என்று வெடித்தாள். "கடை போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னியா? மழையில பெஞ்சுல உக்காந்திருந்தியாமே! நான் போனேன். பூட்டுல அந்தச் சாவியைப் போட்டுப் பாத்தேன், நுழையல. யாரோ பெட்டிக்கடைக்காரி உன்னை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாளாம், நான் இங்க ஊரான் வீட்டுக் கதையைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்! இந்தக் குளிர்ல கடலுக்கு எந்தப் பைத்தியக்காரன் போவான்? ஏன்யா போன? எனக்குப் பயமா இருக்கு, ஓஸ்வால்டோ. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

மாடி வீட்டு நாய் குரைத்தது.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. "கிழவி" என்றார் ஓஸ்வால்டோ. "நீ இப்படிக் கத்தி எத்தனை வருஷமாச்சு. அன்னிக்கு வாசல்ல நின்னேன் பாரு... இதுக்குத்தான் நின்னேன்."

மிர்தா சுவரில் சாய்ந்தாள். லூசிலாவின் வாயிலிருந்து வராமல் போன வாக்கியம், வர வேண்டிய வாயிலிருந்தே வந்துவிட்டது. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவள் நிறுத்தவில்லை. தையல்காரரைப் பற்றிச் சொன்னாள். லூசிலா யாரிடம் வழி கேட்டாள் என்று சொன்னாள். வீட்டை விட்டுப் போகட்டும் என்று சொன்னது தான்தான் என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் கடல் காற்று ஜன்னலை அறையும் ஓசை மட்டும் போனில் கேட்டது.

"அந்தப் பொண்ணு என்னைத் தையல்காரன் ஆக்கிட்டாளா?" என்றார் ஓஸ்வால்டோ கடைசியில். "எனக்குச் சட்டைக்குப் பட்டன் வைக்கக்கூடத் தெரியாதே." சிரிப்பதுபோல ஆரம்பித்த குரல் வேறெங்கோ போயிற்று. "வாரா வாரம் உக்காந்து என்னைப் பத்தியே பேசியிருக்க, கிழவி. கல்யாணமானதிலருந்து அவ்வளவு நேரம் எனக்கு எப்ப குடுத்த? அதுவும் நான் இல்லாம."

"எப்ப வர்ற?" என்றாள். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டே வெகுகாலமாகியிருந்தது.

"தெரியல. இப்பதான் கோபமே வருது. வரட்டும், கொஞ்ச நாள். இங்க யாரும் அதைப் புரிஞ்சுக்கலைன்னாலும் பரவாயில்ல." சற்றுத் தயங்கினார். "நாளைக்கும் போன் பண்ணு. பண்ணி, கொஞ்சம் திட்டு."

போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை காலை மிர்தா சமையலறையில் நின்று மாத்தே போட்டாள். எவ்வளவு இலை போடுவது என்று தெரியவில்லை. தண்ணீரைக் கொதிக்க விட்டுவிட்டாள், இலை வெந்து கசந்தது. குழலைச் செருகி, ஏதோ நினைவில், முன்னறைக் கதவுக்கு வெளியே தரையில் கொண்டுபோய் வைத்தாள். முதல் ஆள் வந்தார். வேலை போனவர். தன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு அழுதார். மிர்தா தலையைச் சாய்க்காமல் கேட்டாள். "எனக்கும் தெரியலைங்க. நானும் இப்பதான் கத்துக்கறேன்" என்றாள். அவர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

அவர் போன பிறகு கதவைத் திறந்தாள். மாத்தே அவள் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே, ஆறிப்போயிருந்தது. கதவை யாரும் தட்டியிருக்கவில்லை. மிர்தா நடையில் தரையிலேயே உட்கார்ந்து, குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கசப்பை அடிவரை உறிஞ்சினாள்.